சோகை பட்ட கண்

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது விழுப்புரத்தில், அக்கா வீட்டில். அக்காவின் கணவருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிறவருக்கு, ரயில்வேயில் வேலை. ஜங்ஷனை ஒட்டியே குவார்ட்டர்ஸ். பாடம் நடத்துகிற வேலையோடு ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். மண்ணில் வாழும் பூஞ்சைகள்தான் என் பொருள்.

கேட்கிறவர்களுக்கு அதை இப்படிச் சொல்வேன்: ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் பல வகை இருக்கின்றன. உதிர்ந்த இலை, செத்த வேர், அறுத்த தாள் எல்லாவற்றையும் மக்கவைத்து மறுபடி பயிருக்குச் சாப்பாடாக்குவதில் பெரும்பங்கு அவற்றுக்கு. வகைகள் அதிகமாக இருக்கிற நிலத்தில் இந்த வேலை நன்றாக நடக்கிறதா? அதுதான் என் கேள்வி. அதற்காக இரண்டு நிலங்களைப் பிடித்திருந்தேன். பெருமுக்கல் மலையடியில் ஒரு மானாவாரிக் கொல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் துவரையும் கேப்பையும் கலந்தும் மாற்றியும் போடுகிற இடம். இன்னொன்று வளவனூர் பக்கம், வருஷக்கணக்காகக் கரும்பைத் தவிர வேறெதையும் பார்க்காத நிலம். இரண்டிலும் காய்ந்த இலைகளை நைலான் வலைப் பைகளில் போட்டுத் தைத்து, புதைத்து வைத்திருந்தேன். சில மாதம் கழித்துத் தோண்டி எடுத்தால், எவ்வளவு மக்கியிருக்கிறது, எந்தெந்தப் பூஞ்சை ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

தை மாதம் பொங்கல் கழிந்ததும் வளவனூர் போனபோது, கரும்புக்காரர் வரப்பிலேயே நிறுத்திச் சொன்னார்.

"ஆலையிலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சும்மா. நாளைக்கே ஆளுங்க எறங்கிடுவாங்க. உன் பையெல்லாம் ஜல்தியா எடுத்துக்கோ. அப்பறம் மிதிச்சித் தொவச்சிட்டாங்கன்னா என்னக் கேக்கக் கூடாது."

"இப்பவே எடுத்துடறேங்க."

"பாத்துப் போ. உள்ள பாம்பு கீம்பு கெடக்கும். கால ஒதறிக்கினே போ."

முற்றிய கரும்புக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு பூட்டிய அறை மாதிரி. காற்று வராது. பத்தடி போனால் வந்த வழி தெரியாது. காய்ந்த சோகை, கரும்பின் நீள இலை, காலடியில் சரசரக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. பயந்ததெல்லாம் பாம்புக்குத்தான். குனிந்தும் தவழ்ந்தும், கட்டிவைத்த சிவப்புத் துணிகளைத் தேடிப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு பை வேரில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். சட்டென்று விட்டது. பின்பக்கமாகச் சரிந்தபோது ஒரு சோகை வலது கண்ணின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. கரும்புச் சோகையின் விளிம்பில் ரம்பப் பல் மாதிரிச் சுணை இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் தண்ணீராக வந்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறக்க முடிந்தது. பார்வையும் இருந்தது. மிச்சப் பைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மோட்டார் கொட்டாய்த் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தியது. அதற்கடுத்த நாள் சிவந்துவிட்டது. அக்கா என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"மெட்ராஸ் ஐ தான்டி. பக்கத்து குவார்ட்டர்ஸ்ல மூணு பேருக்கு இருக்குது. கொழந்தைங்க கிட்ட வராத."

மாமா டியூட்டி முடிந்து வரும்போது மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். போட்ட அன்றே சிவப்பு குறைந்தது. உறுத்தலும் அடங்கியது. "பாத்தியா, நல்ல மருந்தா குடுத்துருக்கான்," என்றார் மாமா. நான் கல்லூரிக்குப் போய் வகுப்பு எடுத்தேன். கரும்புப் பைகளைப் பிரித்துத் துணுக்குகளைக் கண்ணாடித் தட்டுகளில் வளர வைத்தேன். ஓரிரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு விடியற்காலை வலி எழுப்பியது. கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி வலி. சமையலறை பல்பு வெளிச்சத்தைக்கூட பார்க்க முடியவில்லை. இமையைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சாம்பல் கலந்த வெள்ளை. அதன் ஓரம் வட்டமாக இல்லை. இறகு மாதிரி பிரிந்து பிரிந்து பரவியிருந்தது.

அந்த ஓரத்தை எனக்குத் தெரியும். வளர்ப்புத் தட்டில் விதைத்த பூஞ்சை இரண்டாம் நாள் இப்படித்தான் ஓரம் கட்டும். ஆயிரம் தட்டுகளில் பார்த்திருப்பேன். பிடித்திருந்த கண்ணாடி சமையல் மேடையில் விழுந்தது. அக்கா ஓடி வந்தாள். "பாண்டிக்குப் போகணும், உடனே," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேனாம்.

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். நிதானமானவர். விளக்கைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணுல என்ன பட்டுது?"

"கரும்புச் சோகை, டாக்டர்."

"மருந்து எதாவது போட்டீங்களா?"

மாமா சட்டைப் பையிலிருந்து அந்த மருந்தை எடுத்து நீட்டினார். டாக்டர் அதன் மேல் ஒட்டியிருந்ததைப் படித்தார். முகம் மாறியது.

"இத யாரு போடச் சொன்னது?"

"நான்தான் வாங்கிக் குடுத்தேன் டாக்டர்," என்றார் மாமா. "கடையில கேட்டேன். செவப்புக்கு இதான்னு குடுத்தாங்க."

"செவப்பு கொறையும். ஆனா கண்ணோட எதிர்ப்புச் சக்தியையும் இது கொறச்சிடும். உள்ள வந்தது ஃபங்கஸா இருந்தா அதுக்கு ரொம்ப வசதியாப் போயிடும்."

மாமா வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வராமல் இல்லை. ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த அவர் முதுகைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கண்ணை மரக்கவைத்து, சின்னக் கத்தியால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தார்கள். வலி தெரியவில்லை. கத்தி வருவது தெரிந்தது. அதுதான் பயங்கரம், கண்ணை மூடிக்கொள்ள முடியாது. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் என்ன படிக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்களே பாக்குறீங்களா? வேணாம்னாலும் சரி."

இடது கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒளிபுகும் இழைகள், நடுநடுவே குறுக்குச் சுவரோடு, ஒன்றன் மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. கிளைவிட்டிருந்தன. ஆரோக்கியமாக இருந்தன. நான் ஆசையாக வளர்த்து மாணவர்களுக்குக் காட்டுவது இதைத்தான்.

"பொழைக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கண்ணா?"

"ஆமா."

"முயற்சி பண்ணலாம்," என்றார்.

சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் வளவனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் படுத்திருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். களத்தில் நெல் அடிக்கும்போது உமி தெறித்துக் கண்ணில் பட்டிருக்கிறது. பச்சிலைச் சாறு பிழிந்து விட்டிருக்கிறார்கள். வலி பொறுக்காமல் வந்து சேர்ந்தபோது நாள் கடந்துவிட்டது. அவள் கண்ணிலும் இதே நோய்தான்.

"மண்ணுல இருக்கிற பூசணமாமே?" என்று கேட்டாள். "நெசமா? நாளெல்லாம் மண்ணுலதான கெடக்குறோம்."

"மண்ணுல இருந்தா ஒண்ணும் பண்ணாதுக்கா. கண்ணுல காயம் பட்டு உள்ள போனாத்தான்."

"நீ அதப் பத்திப் படிக்கிறவளாமே. சொல்லு, எனக்கு இன்னா ஆவும்?"

அவள் கருவிழி முழுக்க வெளுத்து, கீழே சீழ் கோடு கட்டி நின்றது. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். "டாக்டர் பாத்துக்குவாங்க," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

சில நாளில், சுரண்டியதிலிருந்து வளர்த்த பூஞ்சை தட்டில் வந்துவிட்டது. அதையும் டாக்டர் காட்டினார். அரிவாள் மாதிரி வளைந்த வித்துகள். ஃபியுசேரியம். கரும்பு மண்ணில் நான் மிக அதிகமாகப் பார்த்தது அதைத்தான். பெருமுக்கல் கொல்லையிலும் அது உண்டு. ஆனால் அங்கே அது பல பேரில் ஒன்று. ஒன்றின் இரையை இன்னொன்று பிடுங்கும், ஒன்று கக்கும் ரசத்தில் இன்னொன்று சாகும். யாரும் தனியாக ஆள முடியாது. வலைப் பைகளை வைத்து நான் காட்ட நினைத்ததும் ஏறக்குறைய இதுதான்.

அதை நினைத்தபோதுதான் பயம் முழுசாகப் பிடித்தது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. எதிர்த்து நிற்க ஆள் வந்து சேரவே நேரமாகும். வேறு பூஞ்சை இல்லை, போட்டி இல்லை, பங்காளி இல்லை. என் கண்ணுக்குள் அது ஒன்றே ஒன்றாக, தடுப்பார் இல்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது. படுத்தால் அது வளர்வது கேட்கிற மாதிரி இருந்தது. முட்டாள்தனம்தான், ஆனாலும் மூச்சை அடக்கிக் கேட்டிருக்கிறேன்.

மருந்துக்குத் தட்டுப்பாடு. இந்தப் பூஞ்சைக்கென்று இருந்த சொட்டு மருந்து அப்போது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. டாக்டர் இன்னொரு வழி சொன்னார்: ஊசி மருந்து ஒன்று சென்னையில் கிடைக்கும், அதை நீர்க்கக் கலந்து சொட்டாகப் போடலாம், வெளிச்சம் படக் கூடாது, சூடு படக் கூடாது. மாமா எழுந்து நின்றார்.

"எங்க கிடைக்கும்னு சொல்லுங்க டாக்டர். நான் கொண்டாந்துடறேன்."

எழும்பூரில் தெரிந்தவர்களுக்குச் சொல்லி, அவர்கள் கடை கடையாகத் தேடி வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து ரயில் கார்டு ஒருவர் கையில் கொடுத்தார்கள். மாமா விழுப்புரம் பிளாட்பாரத்தில் காத்திருந்து வாங்கி, பஸ் பிடித்து, பிளாஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொண்டு பாண்டி வந்தார். மருந்து தீரத்தீர இப்படியே. வார்டுக்குள் வந்ததும் நேராக நர்ஸிடம் கொடுப்பார். என் கட்டில் பக்கம் வந்து நிற்பார், கண்ணைப் பார்க்க மாட்டார்.

"சாப்டியா?"

"சாப்டேன் மாமா."

"எரியுதா?"

"கொஞ்சம்."

கொஞ்சமில்லை. மணிக்கொரு தரம் அந்தச் சொட்டு விழும்போது மிளகாயைக் கண்ணில் கசக்கிய மாதிரி இருக்கும். அடுத்த சொட்டு எப்போது வரும் என்று நர்ஸின் செருப்புச் சத்தத்துக்கே உடம்பு விறைத்துக்கொள்ளும். இருந்தும், நர்ஸ் வரக் கொஞ்சம் தாமதமானால் அதைவிடப் பயமாக இருந்தது. அந்த இடைவெளியில் அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று மனம் போய்விடும்.

காலையில் கண் விழித்ததும் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். ஜன்னல் கம்பிகள் தெரிகிறதா? முதலில் மங்கலாகத் தெரிந்தன. பிறகு கம்பி போய், வெளிச்சம் மட்டும் ஒரு கட்டமாகத் தெரிந்தது. ஒரு காலை அந்தக் கட்டமும் கலைந்து, பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அன்று டாக்டர் பார்த்துவிட்டு, "கீழ சீழ் வர ஆரம்பிச்சிருக்கு," என்றார். பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே நாளில் அந்தப் பெண்ணின் கருவிழி ஓட்டையாகிவிட்டது. இனி கண்ணை வைத்திருந்தால் உள்ளே பரவும், எடுத்துவிட வேண்டும் என்று அவள் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் புரியாதவன் மாதிரி "எடுத்துட்டு?" என்று கேட்டான். "எடுத்துட்டு தச்சிடுவோம். அப்பறம் கண்ணாடிக் கண்ணு வெக்கலாம்," என்றார் டாக்டர். அவள் அழவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஒத்தக் கண்ணால கதிர் அறுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும்க்கா."

"நீ பாத்துருக்கியா?"

நான் பார்த்ததில்லை. அவள் கையை விட்டுவிட்டாள். அன்று முழுக்க நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தேன். காலியான அந்தக் கட்டிலைப் பார்க்கும் தைரியம் இல்லை. அடுத்தது நான்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அக்கா வந்து உட்கார்ந்து, கல்யாணம், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் தனக்குத்தானே பேசி அழுதாள். என் பயம் வேறாக இருந்தது. இன்னொரு கண்ணுக்கும் போய்விடுமோ? அப்படிப் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் அப்போது உதவவில்லை.

மருந்தை நிறுத்தாமல் போட்டார்கள். திரும்பவும் கத்தியால் சுரண்டினார்கள். சீழ்க் கோடு அடுத்த நாளும் இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. ஆனால் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "ஓரம் மழுங்குது," என்றார்.

"அப்படின்னா?"

"பரவல. நின்னுடுச்சி."

நம்பவில்லை. இறகு மாதிரி இருந்த ஓரம் உருண்டு திரண்டு கெட்டியாகிறது என்றால் அது சாகிறது என்று தட்டுகளிலிருந்து எனக்கே தெரியும். இருந்தும், வார்டிலிருந்து வெளியே அனுப்புகிற நாள் வரை, காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பதை நான் விடவில்லை. கம்பிகள் திரும்பி வந்தன, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி. அதற்கு மேல் தெளியவில்லை. கருவிழி நடுவில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. இன்றும் வலது கண்ணில் எனக்கு ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

விழுப்புரம் திரும்பியபோது வெயில் காலம் தொடங்கிவிட்டது. கல்லூரியில், நான் விட்டுப்போன தட்டுகள் அலமாரியில் அப்படியே இருந்தன. உடன் வேலை பார்த்தவர் கவனமாக மூடி வைத்திருந்தார். மூடி வழியாகவே தெரிந்தது, கரும்புத் தட்டுகளில் பஞ்சு மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்பும் நிரம்பிக் கிடந்தது. அறைக்கு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பல நாள் அந்த அறைக் கதவு வரை போவேன், கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். பஸ் ஸ்டாண்டில் காற்று புழுதியைக் கிளப்பினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பேன். சனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

மாமாதான் ஒரு நாள் சாதாரணக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். பவர் இல்லாதது, பெரிய பிரேம். "இத மாட்டிக்கினு போ. கூட நான் வரட்டுமா?" என்றார். வந்தார். ஆய்வகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி எதிரே பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் தட்டைத் திறந்தேன். இடது கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த பெருமுக்கல் பைகளில் வகைகள் கணக்கில்லாமல் இருந்தன, இலையும் நன்றாக மக்கியிருந்தது. கரும்புப் பைகளில் பாதி இலை அப்படியே கிடந்தது. நினைத்தது சரியாக வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு உடம்பு வியர்த்துக்கொண்டே இருந்தது.

ஆனி வாக்கில், ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது வெளி வராந்தாவில் அந்தப் பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்தேன். கண்ணாடிக் கண் வைத்திருந்தார்கள். கொஞ்சம் பெரிதாக, அசையாமல் இருந்தது. அவளே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள்.

"உனுக்கு நின்னுடுச்சாமே. டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமாக்கா. பார்வை மங்கல்தான்."

"இருக்குதில்ல." பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். "இன்னும் மண்ணு எடுக்கப் போறியா?"

"போறேன். நாளைக்கு வளவனூர் போகணும். அறுத்தப்பறம் ஒரு தடவ எடுக்கணும்."

"பயமா இல்ல?"

"இருக்குது. நைட்டெல்லாம் தூக்கம் வர்லக்கா."

"எனக்கும்தான். நாளைக்கி நாத்து புடுங்கக் கூப்பிட்டுருக்காங்க. தலையாட்டிட்டேன். ஒரு கண்ணுதான் இருக்குது, அதுல எதுனா தெறிச்சிடுச்சின்னா…"

என் பையில் இன்னொரு பவர் இல்லாத கண்ணாடி இருந்தது. மாமா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாங்கியிருந்தார். அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுப் பார்த்தாள். மூக்கில் வழிந்தது. கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கினு சேத்துல நின்னா சிரிப்பாளுங்க."

"சிரிக்கட்டும்க்கா."

"உன்னயப் பாத்து சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அவள் கண்ணாடியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளேயிருந்து நர்ஸ் அவள் முறை என்று கூப்பிட்டார். எழுந்து, அசையாத கண் பக்கம் இருந்த தூணில் மோதிவிடாமல் ஒரு கையை முன்னால் நீட்டியபடி போனாள்.